அத்தியாயம் 3: ராணியைத் தனியே விடுதல்

மே மாதத்தில் ஒரு மாலை, ராஜபாளையத்தில் முக்கால் மணி நேரம் கோடை மழை கொட்டி ஓய்ந்தது. வாசல் விளக்கடியில் ஈரத் தரையில் இரண்டு கட்டெறும்பு ராணிகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் பிடித்து ஆளுக்கொரு கண்ணாடிக் குழாயில் விட்டேன். ஒன்றை எழுது மேசையில் வைத்துக்கொண்டேன். இன்னொன்றைச் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

மேசையில் இருந்தவளை நாளுக்கு ஏழெட்டு முறை டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்காம் நாள் முட்டை இட்டாள். பதினோராம் நாள் முட்டைகளைக் காணோம், அவளே தின்றிருந்தாள். மறுபடி இட்டாள், மறுபடி தின்றாள். மூன்றாம் வாரம் இறந்து கிடந்தாள்.

அலமாரியில் இருந்தவளை அக்கா மகள் கல்யாண வேலையில் மறந்தே போனேன். நாற்பத்து மூன்றாம் நாள் ஏதோ எடுக்கப் போய்க் கையில் குழாய் தட்டுப்பட்டது. உள்ளே ராணியைச் சுற்றி ஏழு குட்டி வேலைக்கார எறும்புகள் நின்றன.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டு குழாய்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பற்றியதுதான். பிள்ளை பெற்றவள் இருக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்து, எட்டிப் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே பேசி அனுப்பிவிடும் பாட்டிமார்களை நாம் பார்த்திருக்கிறோம். முதல் ஐம்பது நாளும் நீங்கள் செய்ய வேண்டியது அந்தப் பாட்டியின் வேலை.

ஈசலா, எறும்பா?

முதல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். மழைக்குப் பிறகு டியூப் லைட்டைச் சுற்றி மொய்ப்பதில் பெரும்பகுதி ஈசல். அது கறையானின் சிறகு முளைத்த பருவம். எறும்புக்கும் அதற்கும் உறவில்லை. கறையான், கரப்பான்பூச்சியின் குடும்பம். எறும்போ குளவி, தேனீக்களின் இனம்.

மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

- இடுப்பு: எறும்புக்கு நூலாய் ஒடுங்கிய இடுப்பு உண்டு. ஈசலின் உடல் ஒரே பருமனாக ஓடும்.
- உணர்கொம்பு: எறும்புக்கு முழங்கை மடித்ததுபோல் வளைந்திருக்கும். ஈசலுக்கு மணி கோத்த சரம்போல் நேராக நீளும்.
- சிறகு: எறும்பின் முன்சிறகு பெரியது, பின்சிறகு சிறியது. ஈசலுக்கு நான்கும் ஒரே நீளம்.

எறும்புதான் என்று தெரிந்துவிட்டால், அடுத்து ஆணா ராணியா என்று பார்க்க வேண்டும். ஆண் எறும்பு மெலிந்தது, தலை சிறியது, சிறகை உதிர்க்காது, சில நாட்களில் இறந்துவிடும். ராணிக்கு மார்பு புடைத்திருக்கும். பறக்கும் தசைகள் முழுவதும் அங்கேதான் இருக்கின்றன. பெரிய தலையுள்ள வேலைக்கார எறும்பை ராணி என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் தலையைப் பார்க்கிறார்கள். மார்பைப் பார்க்க வேண்டும். வேலைக்கார எறும்பின் மார்பு ஒடுங்கியிருக்கும்.

எந்த ராணியை எடுக்கலாம்?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் கட்டெறும்பைவிடப் பொருத்தமானது இல்லை. அறிவியல் பெயர் கேம்போனோட்டஸ் கம்ப்ரஸ்ஸஸ். மரத்தடியிலும் சுவரோரத்திலும் மண்ணுக்குள் கூடு கட்டும், அசுவினியும் மாவுப்பூச்சியும் சுரக்கும் இனிப்பு நீரைத் தேடிச் செடியேறும் அதே கருப்பு எறும்புதான். ராணி ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பாள். அதனால் லென்ஸ் இல்லாமலேயே எல்லாம் தெரியும். கொட்டும் கொடுக்கு இல்லை. கடிக்கும், கடித்த இடத்தில் அமிலம் பீச்சும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான குணம், அவள் தன்னை அடைத்துக்கொண்டு குடும்பம் தொடங்குகிறவள். கலவி முடிந்ததும் சிறகை உதிர்த்துவிட்டு, மண்ணில் சிறு அறை தோண்டி, வாயிலை மூடிக்கொள்வாள். இனி பறக்க வேண்டியதில்லை என்பதால் மார்பில் உள்ள பறக்கும் தசைகள் கரையத் தொடங்கும். அந்தச் சத்தும் உடலில் சேர்ந்த கொழுப்பும்தான் அவளுக்கும் முதல் பிள்ளைகளுக்கும் சாப்பாடு. ஒரே ஒரு முறை பெற்ற விந்தணுக்களை வயிற்றில் ஒரு பையில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் முட்டையிடுவாள். ஜெர்மனியில் வளர்ப்பில் இருந்த, வேறோர் இனமான கருந்தோட்ட எறும்பின் ராணி ஒன்று 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது.

தொடக்கத்தில் தவிர்க்க வேண்டியவையும் உண்டு.

- முசுறு: மாமரத்தில் இலைகளைப் பட்டால் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. இலையோடு கூடிய செடி இல்லாமல் வளர்ப்பது சிரமம்.
- நெருப்பெறும்பு: கொட்டினால் தீப்பட்டதுபோல் எரியும். சிலருக்கு ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும். குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.
- மஞ்சள் பைத்தியக்கார எறும்பு: மற்ற உயிர்களை விரட்டிப் பரவும் இனம். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போகவே கூடாது.
- டயகாமா: தரையில் தனியாக வேட்டையாடித் திரியும், உடலில் கோடு கீறியது போன்ற எறும்பு. இதில் ராணி என்ற தனிப்பிறவியே கிடையாது. வேலைக்காரிகளில் ஒருத்தியே முட்டையிடுவாள்.

பிடிப்பது

கோடை மழைக்கும் பருவமழைத் தொடக்கத்துக்கும் பிந்திய மாலைகளில், காற்று அடங்கிப் புழுக்கமாக இருக்கும்போது தேடுங்கள். வாசல் விளக்கு, மொட்டை மாடி, தெருவிளக்கின் அடி, சிமெண்ட் சாலையின் ஓரம் ஆகிய இடங்களில் கிடைப்பார்கள். சிறகில்லாமல் தரையில் அவசரமாக ஓடிக்கொண்டிருப்பவளே உங்களுக்கு வேண்டியவள். மார்பின் பக்கவாட்டில் சிறகு இருந்த தழும்பு தெரியும்.

சிறகோடு கிடைத்தவளை ஒரே ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் சிறகு உதிர்ந்திருந்தால் நல்ல அறிகுறி. உதிராமல் நடமாடிக்கொண்டிருந்தால் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கையால் பிடிக்காதீர்கள். ஒரு மாத்திரை டப்பாவை அவள் போகும் வழியில் படுக்கவைத்து, பின்னாலிருந்து தூரிகை நுனியால் மெல்லத் தொட்டால் தானே உள்ளே போவாள். பிடித்ததை பைக் பெட்டியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். அரை மணி நேர வெயில் போதும், வெந்துவிடுவாள்.

இருக்கும் கூட்டைத் தோண்டி ராணியை எடுக்கக் கூடாது. அது ஒரு குடும்பத்தையே அழிக்கும். சாலையில் ஓடுகிறவளை எடுப்பது வேறு. அங்கே காகமும் மைனாவும் பல்லியும் வண்டிச் சக்கரமும் காத்திருக்கின்றன. பறந்து வந்த ராணிகளில் மிகச் சிலரே கூடு கட்டும் வரை பிழைக்கிறார்கள். ஒரு மழைக்கு இரண்டு அல்லது மூன்று போதும். முதல் ராணி தவறினால் அடுத்தவள் இருப்பாள் என்பதற்காகத்தான் அந்த எண்ணிக்கை.

குழாய் தயாரித்தல்

ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் 16 மில்லிமீட்டர் அகலமும் 150 மில்லிமீட்டர் நீளமும் உள்ள டெஸ்ட் டியூப் கிடைக்கும். மருந்துக் கடைப் பஞ்சு, கொதித்து ஆறிய தண்ணீர், கருப்புத் தாள் ஆகியவை போதும்.

1. குழாயை வெந்நீரில் மட்டும் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.
2. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றுங்கள்.
3. பஞ்சை இறுக்கமாக உருட்டி, பென்சிலால் தண்ணீரைத் தொடும் வரை தள்ளுங்கள். பஞ்சுக்கும் தண்ணீருக்கும் இடையே பெரிய காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. வறண்ட பக்கம் லேசாக ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது.
4. குழாயைத் தலைகீழாக ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் ஒரு சொட்டும் கசியாவிட்டால் குழாய் தயார். ராணிகள் நீரில் மூழ்கி இறப்பதற்குப் பெரும்பாலும் இந்தச் சோதனையைச் செய்யாததே காரணம்.
5. வாணலியில் வறுத்து ஆறவைத்த நுண்மணல் ஒரு சிட்டிகை போடுங்கள். கட்டெறும்பின் புழு தன்னைச் சுற்றிப் பட்டுக்கூடு பின்னும்போது நூலைப் பற்றவைக்க ஏதாவது பிடிமானம் தேடும். மணலை இப்போதே போட்டுவிட்டால் பிறகு குழாயைத் திறக்க வேண்டியிருக்காது.
6. ராணியை நடந்து போக விடுங்கள். வாயை உலர்ந்த பஞ்சால் அடையுங்கள். காற்று போகும் அளவு, அவள் பிய்த்து வெளியேற முடியாத அளவு.
7. குழாயைப் படுக்கவைத்து, உருளாமல் இருக்க ஒரு ஸ்கேலோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ராணி இருக்கும் பகுதியைக் கருப்புத் தாளால் சுற்றுங்கள்.

ஒரு குழாய்க்கு ஒரே ராணி. இரண்டு பேரைச் சேர்த்துவைத்தால் உடனே சண்டை வராமல் போகலாம். ஆனால் வேலைக்கார எறும்புகள் பிறந்த பிறகு ஒருத்தி கொல்லப்படக்கூடும்.

வைக்கும் இடம்

நம் ஊரில் சூடாக்கும் கருவி எதுவும் தேவையில்லை. வெயிலிலிருந்து காப்பதுதான் வேலை. 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வளரும். மே மாதத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறையின் பரண் அடுப்புபோல் கொதிக்கும். தரையோரத் தட்டு குளிர்ச்சியாக இருக்கும். அங்கே வையுங்கள்.

அதிர்வும் எதிரிதான். வாஷிங் மெஷின், மிக்ஸி, ஃபிரிட்ஜ், அடிக்கடி அறைந்து சாத்தும் கதவு ஆகியவற்றின் அருகே வேண்டாம். எறும்பு காற்றில் வரும் ஓசையைவிடத் தரை வழியே வரும் அதிர்வை நன்றாக உணரும்.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து விஷம். எறும்புச் சாக்பீஸ், கரப்பான் ஸ்பிரே, கொசுவத்திச் சுருள், சுவரில் செருகும் கொசுவிரட்டித் திரவம், அலமாரியில் போடும் பாச்சை உருண்டை எல்லாமே பூச்சியைத் தாக்கச் செய்தவை. எறும்பும் பூச்சிதான். இவை பயன்படும் அறையில் ராணியை வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்து, காரணமே புரியாமல் இறந்ததாகச் சொல்லப்பட்ட ராணிகளில் பல கொசுவிரட்டி எரியும் படுக்கையறையில் இருந்தவை.

இன்னொரு எதிரி, வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கும் சிற்றெறும்பு. பஞ்சின் இடுக்கு வழியே நுழைந்து ஓர் இரவில் ராணியைக் கொன்று, முட்டைகளைத் தூக்கிப் போய்விடும். சர்க்கரை டப்பாவை நம் வீட்டில் எப்படிக் காப்பார்களோ அப்படியே காக்கலாம். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் குழாயை வையுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டால் நீர்ப்பரப்பின் இழுவிசை குறைந்துவிடும். அதன்பின் எறும்பு மேலே நடந்து கடக்க முடியாது.

முதல் எட்டு வாரங்கள்

*முதல் மூன்று நாள்.* தொடவே கூடாது. அவள் பஞ்சைப் பிய்ப்பாள், குழாயில் மேலும் கீழும் அலைவாள். அது இயல்பு. இடம் பழகியதும் அடங்குவாள்.

*முதல் இரண்டு வாரம்.* முட்டைகள் வரும். வெள்ளை ரவை மணிகள்போல், எச்சிலால் ஒட்டிய சிறு கொத்தாக இருக்கும். பெரும்பாலும் பத்துக்கு முன்பின். அவள் அவற்றை ஓயாமல் நக்குவாள். பூஞ்சை பிடிக்காமல் காப்பது அந்த நக்கல்தான்.

*மூன்று, நான்காம் வாரம்.* முட்டைகள் பொரித்து, வளைந்த கழுத்துள்ள காலில்லாப் புழுக்களாகும். ராணி தன் உடலில் கரைந்த சத்தை வாய் வழியே ஊட்டுவாள்.

*ஐந்து முதல் எட்டு வாரம்.* புழுக்கள் வெளிறிய பழுப்புக் கூடுகளைப் பின்னி உள்ளே உருமாறும். மழைக்கு முன் எறும்புகள் ‘முட்டையைத்’ தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போவதாக ஊரில் சொல்கிறோமே, அவற்றில் பல உண்மையில் இந்தக் கூட்டுப்புழுக்கள்தான். கூட்டிலிருந்து வரும் முதல் எறும்புக்கு ராணியே வாயால் கிழித்து வழிவிடுவாள். முதல் பிள்ளைகள் வழக்கமான கட்டெறும்பில் பாதி அளவுகூட இருக்கமாட்டார்கள். ஒரே உடலின் சேமிப்பைப் பல பேருக்குப் பங்கிட்டதால் வந்த சிறுமை அது. குறை அல்ல.

வெயில் குறைந்த மாதமானால் இந்தக் கணக்கு இன்னும் சில வாரம் நீளும். அவசரப்பட வேண்டாம்.

பார்க்கும் முறை

வாரத்துக்கு ஒரு முறை, பத்து விநாடி. அதற்கு மேல் இல்லை. கருப்புத் தாளை உருவும்போது குழாய் அசையக் கூடாது. வெள்ளை டார்ச்சை நேரே அடிக்காதீர்கள். அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். எறும்புகளுக்குச் சிவப்பு ஒளி கிட்டத்தட்ட இருட்டுதான். இங்கிலாந்தின் ஜான் லப்பக், கூடுகளின் மேல் நிறக் கண்ணாடிகளை வைத்துச் சோதித்து, எறும்புகள் ஊதாவிலிருந்து விலகிச் சிவப்பின் கீழ் ஒதுங்குவதைக் கண்டார். எறும்பு, தேனீ, குளவி பற்றி 1882இல் வெளியிட்ட நூலில் அதை எழுதினார்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, அறை வெப்பம், முட்டை உண்டா, புழு உண்டா, கூடு எத்தனை என்று ஐந்து சொல் போதும். நோட்டில் எழுதிவிட்டால் மறுபடி பார்க்கும் ஆசை பாதி அடங்கும். இது என் அனுபவம்.

சோறு எப்போது?

முதல் வேலைக்கார எறும்பு பிறக்கும் வரை ராணிக்கு எதுவும் தரக் கூடாது. பாவம் பட்டினி என்று தேன் சொட்டு வைப்பவர்கள் பூஞ்சையையும் பிசுபிசுப்பையும் குழாய்க்குள் அனுப்புகிறார்கள்.

முதல் எறும்புகள் பிறந்து இரண்டு மூன்று நாள் கழித்து, அவற்றின் உடல் கறுத்து இறுகியதும் தொடங்குங்கள். சிறு அலுமினியத் தாள் துண்டில் ஊசிமுனை அளவு தேன்நீர். மறுநாள் ஒரு கொசு. மின்மட்டையால் அடித்ததாக இருக்கட்டும், மருந்தடித்ததாக இருக்கக் கூடாது. வாழைப்பழத்தைச் சுற்றும் சிறு ஈ இன்னும் நல்லது. வண்ணமீன் கடையில் கிடைக்கும் மீல்வார்ம் புழுவை நறுக்கி ஒரு துண்டு தரலாம். வீட்டில் பிடித்த பூச்சியானால் கொதிநீரில் முக்கி எடுங்கள், உண்ணிகள் சாகும். ஒரு நாளுக்கு மேல் மிச்சத்தை விட்டுவைக்காதீர்கள்.

இனிப்பு பெரியவர்களுக்கு, பூச்சி புழுக்களுக்கு. வேலைக்கார எறும்பு இனிப்பை வயிற்றின் முன்பையில் நிரப்பி வந்து, ராணியின் வாயோடு வாய் வைத்து ஊட்டும். இத்தனை வாரம் தன் உடலைக் கொடுத்தவள் பெறும் முதல் சாப்பாடு அது. அதைப் பார்க்கக் கிடைத்தால், அந்த வாரத்தின் பத்து விநாடியை அங்கே செலவிடுங்கள்.

சிக்கல்கள்

*பஞ்சில் மஞ்சளும் கறுப்புப் புள்ளியும்.* கொஞ்சம் இருந்தால் கவலை இல்லை. ராணி முட்டைகளைத் தள்ளி வைத்துக்கொள்வாள். பூஞ்சை பஞ்சு முழுவதும் பரவினாலோ தண்ணீர் தீர்ந்தாலோ, புதிய குழாய் ஒன்றை வாயோடு வாய் சேர்த்து டேப் ஒட்டுங்கள். புதியதை இருட்டாக்கி, பழையதை அறை வெளிச்சத்தில் விடுங்கள். சில நாளில் தானே இடம் மாறுவாள். தட்டி உதிர்க்காதீர்கள்.

*முட்டையைத் தின்கிறாள்.* அதிர்வு, வெளிச்சம், சூடு மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். இடத்தை மாற்றிவிட்டு இரண்டு வாரம் பார்க்காமல் இருங்கள்.

*ஒரு மாதமாகியும் முட்டை இல்லை.* பெரும்பாலும் கருவுறாதவள். பிடித்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

*பிறந்ததெல்லாம் சிறகுள்ள ஆண்கள்.* எறும்பில் கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்ற முட்டை பெண்ணாகும். முதல் பிள்ளைகள் அத்தனையும் ஆண் என்றால் அவள் கலவி செய்யாதவள். அந்தக் குடும்பம் தழைக்காது.

எப்போது இடம் மாற்றலாம்?

பத்து இருபது எறும்புகள் சேர்ந்ததும் குழாயைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் படுக்கவைக்கலாம். வீடு குழாய், முற்றம் டப்பா. விளிம்பில் ஏறிவராமல் இருக்க, முகப்பவுடரைச் சானிட்டைசர் ஸ்பிரிட்டில் பாலாகக் கரைத்து உள்விளிம்பில் ஒரு பட்டை பூசுங்கள். ஆவி முழுவதும் போய் வெள்ளையாக உலர்ந்த பிறகே எறும்பை விட வேண்டும்.

பெரிய கூடு வாங்கும் ஆசை இந்தக் கட்டத்தில்தான் வரும். வேண்டாம். பதினைந்து எறும்புக்கு அரண்மனை கொடுத்தால், மூலைகள் குப்பைத் தொட்டியாகி, ஈரம் கெட்டுப் பூஞ்சை பிடிக்கும். குழாய் நெரிசலான பிறகுதான் கூடு. அதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

ஒரு கடமை

வெளியூர் எறும்பை வாங்காதீர்கள், உங்கள் எறும்பை விற்காதீர்கள், பிடித்த ஊரைத் தவிர வேறெங்கும் விடாதீர்கள். கென்யாவில் 2025இல் சுமார் 5,000 ராணி எறும்புகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் கைதானார்கள், ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. ஒவ்வொரு ராணியும் ஒரு கூடு. ஆயிரக்கணக்கில் அள்ளினால் அந்த மண் அத்தனை கூடுகளை இழக்கும். அயல் மண்ணில் தப்பிவிட்டாலோ அந்த மண்ணின் எறும்புகள் தங்கள் இடத்தை இழக்கும்.

வளர்க்க முடியாத நிலை வந்தால், ஒரு மழைக்கு மறுநாள் மாலை, அவளைப் பிடித்த இடத்துக்கு அருகிலுள்ள மரத்தடியில் மண்ணைக் கொஞ்சம் கிளறிவிட்டு, திறந்த குழாயை அங்கே வையுங்கள். காலையில் போய்க் காலிக் குழாயை எடுத்து வாருங்கள்.

ராணி கிடைத்த இன்றிரவு செய்ய வேண்டியது இவ்வளவே: கசியாத குழாய், இருட்டான தட்டு, சுற்றிலும் தண்ணீர். நோட்டில் இன்றைய தேதியை எழுதுங்கள். அதன் கீழே, அடுத்து எப்போது பார்ப்பீர்களோ அந்தத் தேதியையும் எழுதுங்கள். ஏழு நாள் தள்ளி இருக்கட்டும்.